ஒரு நாளை மிச்சம் பிடிக்கப் போய்: பீடோங்கிலிருந்து கோக்யோ ஏரிகள் வரை

போன ஞாயிற்றுக்கிழமை கெடாவிலுள்ள ஜெராய் மலையிலிருந்து இறங்கி பீடோங் டவுனில் பசியாற உட்கார்ந்தபோது, நம்ம தோட்டத்துப் பிள்ளைகள் நான்கு பேர் ஒரு தாளைக் கொண்டுவந்து காட்டினார்கள். வருகிற அக்டோபரில் நேபாளம் போகிறார்களாம், எவரெஸ்ட் வட்டாரத்துக் கோக்யோ ஏரிகளைப் பார்க்க. மலைமேல் விமானத்தளமான லுக்லாவில் இறங்கி ஐந்தாம் நாள் ஏரிக்கரை என்று எழுதியிருந்தது. உடம்பு உயரத்துக்குப் பழகத் தங்குகிற ஊரான நாம்சே பசாரில் ஒரே ஒரு இரவு. அதைப் பார்த்ததும் எனக்கு ரொட்டி சானாய் தொண்டையில் இறங்கவில்லை, ஏனென்றால் இதே கணக்கைத்தான் நானும் போட்டேன், அதை அனுபவித்தது என் தம்பி. அவர்களிடம் கடையில் பாதிதான் சொல்ல முடிந்தது. மீதியையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

நாங்கள் மூன்று பேர் போனோம். நான், என் தம்பி, என் மச்சான். மூவருமே மலைக்குப் புதியவர்கள் இல்லை. ஜெராய் 1,217 மீட்டர், மாதம் இரண்டு தடவையாவது ஏறுவோம். தம்பி பந்து விளையாடுகிறவன், பத்துக் கிலோ பையோடு எங்களுக்கு முன்னால் உச்சிக்குப் போய்க் காத்திருப்பான். கினபாலுவும் ஏறியிருக்கிறோம். அதனால் கால் பலம் போதும் என்று நினைத்துவிட்டோம். கால் பலம் வேறு, உயரம் வேறு என்பது பீடோங்கில் இருந்துகொண்டு தெரியவே தெரியாது. கினபாலு உச்சி 4,095 மீட்டர், அங்கே விடியலில் ஏறிப் படம் எடுத்துவிட்டு உடனே இறங்கிவிடுகிறோம். கோக்யோ வழியில் டோலே என்ற ஊர் ஏறக்குறைய அதே உயரம். அங்கே படுத்துத் தூங்க வேண்டும், மறுநாள் அதற்கும் மேலே போக வேண்டும். கோக்யோ கிராமத்தில் நீங்கள் தூங்குவது 4,750 மீட்டருக்கு மேல். கடல் மட்டத்தில் ஒரு மூச்சில் கிடைக்கிற ஆக்சிஜனில் பாதிக்குச் சற்று மேல்தான் அங்கே கிடைக்கும். இதற்கு உடம்பு பழக நாள்தான் வேண்டும், வேறு எந்தப் பயிற்சியும் அந்த நாளுக்கு ஈடு இல்லை.

எங்கள் திட்டம் நன்றாகத்தான் இருந்தது. நாம்சேயில் இரண்டு இரவு, கோக்யோ போய், ரென்ஜோ லா கணவாய் வழியாகச் சுற்றித் திரும்புவது, கடைசியில் இரண்டு நாள் கையிருப்பு. கெட்டது மந்தலியில். சீசன் நேரத்தில் லுக்லாவுக்கான விமானங்கள் பெரும்பாலும் காட்மாண்டுவிலிருந்து கிளம்புவதில்லை. நான்கைந்து மணி நேரம் ராத்திரியில் வண்டியில் போய், ராமேச்சாப் மாவட்டத்து மந்தலியில் ஏற வேண்டும். நாங்கள் நள்ளிரவு தாண்டிக் கிளம்பி விடியலில் போய்ச் சேர்ந்தோம், மேகம் மூடி அன்று முழுக்க விமானம் இல்லை. லுக்லா ஓடுபாதை 527 மீட்டர்தான், ஒரு பக்கம் மலைச்சுவர், மறுபக்கம் பள்ளம். பார்வை தெளிவாக இல்லாமல் யாரும் இறக்க மாட்டார்கள், இறக்கவும் கூடாது. அது சரி. ஆனால் அந்த ஒரு நாள் போனதில் எனக்குப் பதற்றம் வந்துவிட்டது. திரும்பும்போதும் இப்படி மூடிக்கொண்டால் கோலாலம்பூர் விமானத்தை விட்டுவிடுவோமே, கையிருப்பில் கை வைக்க வேண்டாமே என்று நாம்சே ஓய்வு நாளை அடித்துவிட்டேன். அப்படிச் செய்ய வேண்டாம் என்று வழிகாட்டி இரண்டு தடவை சொன்னார். நாங்கள் பலசாலிகள், பார்த்துக்கொள்கிறோம் என்றேன். மூத்தவன் நான் சொன்னதால் மற்ற இருவரும் மறுத்துப் பேசவில்லை.

உயரம் ஏறுவதில் மருத்துவர்கள் சொல்கிற கணக்கு ஒன்று உண்டு. 3,000 மீட்டரைத் தாண்டிய பிறகு, தூங்குகிற உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் ஏற்றக்கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒரு தடவை அதே இடத்தில் இன்னொரு இரவு தங்க வேண்டும். பகலில் மேலே போய்விட்டு இறங்கி வந்து தூங்கினால் இன்னும் நல்லது. இப்போது கோக்யோ வழியைப் பாருங்கள். லுக்லா சுமார் 2,850, பாக்டிங் 2,610, நாம்சே 3,440, டோலே சுமார் 4,050, மச்செர்மோ 4,470, கோக்யோ 4,750. நாம்சேயிலிருந்து டோலேக்கு ஒரே நாளில் 600 மீட்டர். எவரெஸ்ட் அடிவார முகாம் வழியைவிட இந்த வழியில் ஏற்றம் சீக்கிரம் வந்துவிடுகிறது என்பதை வரைபடத்தில் கோடு பார்த்துத் திட்டம் போடுகிறவர்கள் கவனிப்பதில்லை. நாம்சேயில் இரண்டு இரவு தங்கியும், பிறகு கும்ஜுங்கிலோ போர்த்சே தெங்காவிலோ ஒரு இரவு நிறுத்தியும் போனால்தான் இந்தக் கணக்கு ஒத்துவரும். நான் இரண்டையும் செய்யவில்லை.

தம்பிக்கு டோலேயிலேயே தலைவலி. சொல்லவில்லை. தன்னால் பயணம் கெடக்கூடாது என்று பானடோல் போட்டுக்கொண்டு படுத்திருக்கிறான். இரவுச் சாப்பாட்டில் பாதியை வைத்துவிட்டான், எனக்கு அப்போதே தெரிந்திருக்க வேண்டும். நம்ம வீட்டில் சோற்றை மிச்சம் வைக்காதவன் அவன். மறுநாள் பகல் ஒரு மணிக்கு மச்செர்மோ போய்ச் சேர்ந்தோம். மூன்று மணிக்கு இரண்டு தடவை வாந்தி. கொரோனா காலத்தில் வாங்கி வைத்த, விரலில் மாட்டி இரத்தத்தில் ஆக்சிஜன் அளவு பார்க்கும் கருவியைக் கொண்டு போயிருந்தோம், அதில் 71 விழுக்காடு காட்டியது. எனக்கு அதே நேரம் 83. வழிகாட்டி எண்ணைவிட அவன் முகத்தைத்தான் பார்த்தார். தரையில் பலகை இடுக்கைக் காட்டி, குதிகாலும் பெருவிரலும் ஒட்ட ஒட்ட அதன்மேல் நடக்கச் சொன்னார். தம்பி நேராக நடந்தான். தள்ளாடியிருந்தால் மூளையில் நீர் கோக்கிறது என்று அர்த்தம், அது உயிர் போகிற விஷயம், ஹெலிகாப்டரைக் கூப்பிட்டிருப்பேன் என்று பிற்பாடு சொன்னார். நேராக நடந்தாலும், விடியும்வரை காத்திருக்க வேண்டாம், இப்போதே இறங்குவோம் என்றார்.

இறங்கினோம். மூன்று பேரும், வழிகாட்டியும், சுமைதூக்கும் இரண்டு பேரும். அந்த இரண்டு பேரில் மூத்தவர் சுங்கைப் பட்டாணியில் ஒரு தொழிற்சாலையில் ஐந்து வருடம் காவலராக இருந்தவர். முதல் நாளே நாங்கள் மலேசியா என்று கேட்டதும் மலாயில் பேச ஆரம்பித்துவிட்டார், பீடோங் இரவுச் சந்தை வரைக்கும் அவருக்குத் தெரிந்திருந்தது. தம்பியின் பையையும் தன் சுமையோடு சேர்த்துக்கொண்டு, அவன் கையைப் பிடித்து, "பெலான் பெலான், அடேக்", மெதுவாக மெதுவாக, தம்பி, என்று ஒவ்வொரு கல்லாக இறக்கினார். நேபாளி வழிகாட்டி அதையே "பிஸ்தாரை, பிஸ்தாரை" என்பார். மலாயில் அவர் சொன்னபோதுதான் அது எனக்கு உறைத்தது. இருட்டிய பிறகு ஏழு மணிக்கு 3,680 மீட்டரில் போர்த்சே தெங்கா. இறங்க இறங்கத் தம்பி முகம் தெளிந்ததை என் கண்ணால் பார்த்தேன். டோலே தாண்டும்போதே தண்ணீர் கேட்டுக் குடித்தான். மறுநாள் காலையில் முட்டை சாப்பிட்டான். நான் வெளியே போய் ஆற்றோரமாகக் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

அங்கே இரண்டு இரவு. அவனுக்குத் தலைவலி ஒரு சொட்டும் இல்லை என்று உறுதியான பிறகு டோலேயில் ஒரு இரவு, மச்செர்மோவில் ஒரு இரவு. முதல் தடவை மச்செர்மோவைத் தொட்ட நாளிலிருந்து எண்ணினால் மூன்று நாள் கழித்து அதே விடுதிக்கு வந்திருக்கிறோம். ரென்ஜோ லா போயே போய்விட்டது, வந்த வழியே திரும்புவது என்று முடிவு.

எங்கள் அம்மா முப்பது வருடம் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். புதிதாக வெட்டு பழகுகிறவர்களிடம் அவர் சொல்வது, ஓடி வெட்டினால் மரத்துக்குக் காயம். உளி ஆழமாகப் போய்விட்டால் அந்தப் பட்டை மறுபடி ஒழுங்காக வளராது, அடுத்த சுற்றில் அந்த இடத்தில் பால் கிடைக்காது. ஊருக்கு வந்து நடந்ததைச் சொன்னபோது அம்மா என்னைத் திட்டவில்லை, இதை மட்டும்தான் சொன்னார்.

சரி, ஏரிகள். மச்செர்மோவிலிருந்து நோசும்பா பனியாற்றின் ஓரமாக, ஓடைக்குப் பக்கத்தில் செங்குத்தான கல்படிகள் ஏறினால் முதல் ஏரி வரும். சின்னது. அடுத்தது கொஞ்சம் பெரியது, செம்மஞ்சள் நிற வாத்துகள் சில நீந்திக்கொண்டிருந்தன. மூன்றாவதுதான் தூத் போக்ரி, கோக்யோ கிராமம் அதன் கரையில் இருக்கிறது. தூத் என்றால் பால், பால் குளம். அந்தப் பக்கத்து ஆறும் தூத் கோசி, பால் ஆறு. முதல் நாள் பாக்டிங் பாலத்தில் நின்று அந்த ஆற்றைப் பார்த்ததும் எனக்கு ஸ்டோரில் பால் வாளி கழுவி ஊற்றுகிற தண்ணீர் ஞாபகம் வந்தது, அப்படியொரு வெளுப்பு. பனியாறு நகரும்போது அடியிலுள்ள பாறையை மாவாக அரைத்துவிடுகிறது. அந்த மாவு அத்தனை நைசாக இருப்பதால் அடியில் படியாமல் தண்ணீரிலேயே மிதக்கிறது. ஆற்றில் கலங்கி ஓடும்போது வெள்ளையாகத் தெரியும், ஏரியில் அமைதியாக நிற்கும்போது வெயிலின் நீலத்தையும் பச்சையையும் சிதறடித்து அந்த நிறத்தைக் கொடுக்கும். படங்களில் பார்த்தபோது யாரோ நிறத்தைக் கூட்டியிருக்கிறார்கள் என்று நினைத்திருந்தேன். நேரில் அதைவிட ஆழமான நிறம். மச்சான் பையைக்கூடக் கழற்றாமல் கரையில் உட்கார்ந்துவிட்டார்.

ஏரிக்கரையில் ஒரு சின்னக் கோயில் இருக்கிறது. ஜனை பூர்ணிமா அன்று, அதாவது நமக்கு ஆவணி அவிட்டம் வருகிற அதே பௌர்ணமியில், நேபாள இந்துக்கள் அங்கே வந்து நீராடுகிறார்கள். பௌத்தர்களுக்கும் அது புனித நீர்தான். ஆகவே கால் நனைப்பது, துணி அலசுவது, சோப்புப் போடுவது எதுவும் வேண்டாம், பாட்டிலைக்கூட விடுதியில் நிரப்பிக்கொள்ளுங்கள். 2007 முதல் இந்த ஏரிகள் ராம்சார் ஈரநிலப் பட்டியலிலும் இருக்கின்றன. வழியில் மந்திரம் செதுக்கிய மணிச் சுவர்கள் வரும், அவற்றை வலப்பக்கம் வைத்துத் தாண்ட வேண்டும், நாம் கோயிலை வலம் வருவது போலத்தான்.

கிராமத்துக்குப் பின்னாலுள்ள மண்மேட்டில் ஏறினால் அடுத்த பக்கம் பனியாறு. நோசும்பா நேபாளத்திலேயே நீளமான பனியாறு. வெள்ளையாகப் பளபளக்கும் என்று எதிர்பார்த்துப் போனால், பேராக்கில் கைவிட்ட ஈய லம்பம், அதாவது சுரங்கக் குழி, மாதிரி இருந்தது. சாம்பல் நிறக் கல்லும் மண்ணும், நடுநடுவே குட்டைகள். பனிக்கட்டி எல்லாம் அடியில் இருக்கிறது. நின்று கேட்டால் எங்கோ கல் உருண்டு தண்ணீரில் விழுகிற சத்தம் விடாமல் வருகிறது, உருகிக்கொண்டே இருக்கிறது. இந்த வட்டாரத்துக்காரர்களுக்கு இது வெறும் காட்சி இல்லை. 1985 ஆகஸ்டில் டிக் சோ என்ற பனியாற்று ஏரி உடைந்து, கட்டி முடிக்கப்போகிற நீர்மின் நிலையத்தையும் பாலங்களையும் வீடுகளையும் அடித்துக்கொண்டு போனது. 2024 ஆகஸ்ட் 16 அன்று தாமே கிராமத்துக்கு மேலே இன்னொன்று உடைந்து, பள்ளிக்கூடமும் மருத்துவ நிலையமும் போயின. இதே ஆபத்துள்ள இம்ஜா ஏரியில் 2016-இல் கால்வாய் வெட்டித் தண்ணீர் மட்டத்தை மூன்று மீட்டருக்கு மேல் இறக்கினார்கள். எங்கள் வழிகாட்டிக்குத் தாமேயில் உறவினர் இருக்கிறார்கள். அழகான ஏரியைக் காட்டிவிட்டு அவர் அதைச் சொன்ன விதத்தை இன்னும் மறக்க முடியவில்லை.

கோக்யோ ரீ 5,357 மீட்டர். நானும் மச்சானும் வழிகாட்டியும் விடியற்காலை நான்கு மணிக்குத் தலைவிளக்கைக் கட்டிக்கொண்டு கிளம்பினோம். தம்பி வரவில்லை, அவனே முடிவெடுத்தான், நான் வற்புறுத்தவில்லை. எங்களுக்கு முன்னால் போனவர்களின் விளக்குகள் இருட்டில் வரிசையாக ஏறிக்கொண்டிருந்ததைப் பார்த்தால் சின்ன வயதில் ஐந்து மணிக்கு வெட்டுக்காட்டில் தெரியுமே, மரத்துக்கு மரம் நகரும் விளக்குகள், அப்படியே இருந்தது. பத்து அடி, நிறுத்தம், மூன்று மூச்சு, மறுபடி பத்து அடி. மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆனது. உச்சியிலிருந்து எவரெஸ்ட், லோட்சே, மக்காலு, சோ ஓயு, எட்டாயிரம் மீட்டரைத் தாண்டிய நான்கும் தெரிகின்றன. 1997 மே 23 அன்று மகேந்திரனும் மோகனதாசும் மலேசியாவின் முதல் ஆட்களாக எவரெஸ்ட் உச்சியில் நின்றபோது நான் தமிழ்ப் பள்ளியில் நான்காம் ஆண்டு. ஆசிரியர் பத்திரிகைப் படத்தை வகுப்பறைச் சுவரில் ஒட்டினார், நம்ம பிள்ளைகள் என்றார். அந்த உச்சியை நேரில் பார்த்துக்கொண்டு நின்றபோது எனக்கு அழுகை வந்தது.

மறுநாள் தம்பியோடு நான்காவது ஏரி வரைக்கும் நடந்தோம். தோனாக் என்று பெயர், ஆறு ஏரிகளிலும் பெரியது. அதிகம் ஏற்றம் இல்லை. அங்கே கடை இல்லை, விடுதி இல்லை, எங்களைத் தவிர ஆளும் இல்லை. ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தோம். பிறகு திரும்பினோம்.

இனி, போகிறவர்களுக்குச் சில விவரங்கள். காலையிலும் இரவிலும் ஒருவரை ஒருவர் உட்கார வைத்துக் கேளுங்கள்: தலைவலி உண்டா, சாப்பிட்டாயா, தூங்கினாயா, தலை சுற்றுகிறதா. சொல்ல வெட்கப்படுகிறவன்தான் முதலில் விழுவான். தலைவலியோடு மேலே ஏறக்கூடாது. அதே இடத்தில் தங்கியும் சரியாகவில்லை என்றால் இறங்க வேண்டும். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால், நடை தள்ளாடினால், ராத்திரி என்றும் பார்க்காமல் உடனே இறங்க வேண்டும். டயமோக்ஸ் மாத்திரை உடம்பு பழகுவதற்கு உதவும், பலரும் 125 மில்லிகிராம் இரண்டு வேளை எடுப்பார்கள், ஆனால் சல்ஃபா மருந்து ஒவ்வாதவர்களுக்கு ஆகாது, கிளம்பும் முன் மருத்துவரிடம் கேளுங்கள். விரல்நுனி குறுகுறுக்கும், அடிக்கடி சிறுநீர் வரும், பயப்பட வேண்டாம். அதைப் போட்டுக்கொண்டு வேகமாக ஏறலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். மதுவும் தூக்க மாத்திரையும் வேண்டாம்.

காப்புறுதியைக் கடைசிப் பக்கம் வரை படியுங்கள். நாங்கள் முதலில் எடுத்ததில் 3,000 மீட்டருக்கு மேல் எதுவும் செல்லாது என்று சின்ன எழுத்தில் இருந்தது, கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்தான் பார்த்தோம், பணம் திரும்பவில்லை. 6,000 மீட்டர் வரைக்கும் ஹெலிகாப்டர் மீட்பும் சேர்ந்திருப்பதை எடுங்கள்.

பணம். விசா காட்மாண்டு விமான நிலையத்திலேயே கிடைக்கும், முப்பது நாளுக்கு 50 அமெரிக்க டாலர். மோஞ்சோவில் சகர்மாதா தேசியப் பூங்கா வாசல், நாங்கள் போனபோது 3,000 ரூபாயும் அதன்மேல் 13 விழுக்காடு வரியும், உள்ளூராட்சிக் கட்டணம் தனி. விடுதி அறை மலிவு, சாப்பாடுதான் விலை, ஏற ஏறக் கூடும், ஏனென்றால் எல்லாம் மனிதர் முதுகிலும் மாட்டு முதுகிலும் வருகிறது. நாம்சேக்கு மேல் பணம் எடுக்க வழியில்லை, அங்கேயே எடுத்துக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டில் பருப்பும் சோறும், அவர்கள் பாஷையில் தால் பாத், கேட்கக் கேட்கப் போடுவார்கள். பூங்காவுக்குள் உயிர்வதை செய்வதில்லை, இறைச்சி கீழிருந்து நாள் கணக்கில் சுமந்து வருவது, அதனால் சைவமே சாப்பிட்டோம். மேலே போகப் போக வாய்க்கு எதுவும் பிடிக்காது. அம்மா கொடுத்த எலுமிச்சை ஊறுகாய் ஒரு போத்தல்தான் எங்களைச் சாப்பிட வைத்தது, கட்டாயம் கொண்டு போங்கள். இரவில் போத்தலில் வெந்நீர் ஊற்றித் தூக்கப் பைக்குள் போட்டுக்கொண்டால் கால் சூடாக இருக்கும், காலையில் அதையே குடிக்கலாம். கைப்பேசியையும் பவர் பேங்கையும் அதற்குள்ளேயே வையுங்கள், குளிரில் மின்கலம் சீக்கிரம் தீர்ந்துவிடும். பருத்திச் சட்டை வேண்டாம், வேர்வை காயாமல் குளிரும். மாட்டுக் கூட்டம் எதிரே வந்தால் மலைப் பக்கமாக ஒதுங்குங்கள், பள்ளத்துப் பக்கம் நிற்கவே கூடாது.

சுமைதூக்குகிறவர்களைப் பற்றி ஒன்று. அவர்கள் சப்பாத்தையும் மேல்சட்டையையும் லுக்லாவிலேயே பாருங்கள். குறைவாக இருந்தால் நாம்சேயில் வாங்கிக் கொடுங்கள். மச்செர்மோவுக்கு மேலே பங்கா என்ற இடத்தில் 1995 நவம்பரில் பனிச்சரிவு விடுதியை மூடியபோது, பயணிகளோடு நேபாளத் தொழிலாளர்களும்தான் இறந்தார்கள். நமக்கு வருகிற தலைவலி அவர்களுக்கும் வரும், அவர்கள் அதைச் சொல்ல மாட்டார்கள், நம்மைப் போல அவர்களையும் கேட்க வேண்டும். எங்கள் தாத்தாக்களும் இந்த மண்ணில் அடுத்தவர் சுமையைத் தூக்கியவர்கள்தான், அதனால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

திரும்பும்போது லுக்லாவில் மறுபடி ஒரு நாள் மேகம். கையிருப்பில் மிஞ்சியிருந்த நாள் அதற்குச் சரியாகப் போய்விட்டது, ஊர் விமானத்தைப் பிடித்துவிட்டோம். ஆகவே தம்பிகளா, அந்தத் தாளில் இன்னும் நான்கு நாள் சேர்த்து எழுதிக்கொண்டு வாருங்கள். சம்பள விடுப்பு போதவில்லை என்றால் அடுத்த வருடம் போகலாம், ஏரி அங்கேதான் இருக்கும். என்னிடம் தூக்கப் பை இரண்டும் தலைவிளக்கு மூன்றும் இருக்கின்றன, ஞாயிறு காலை ஆறு மணிக்கு ஜெராய் அடிவாரத்தில் இருப்பேன், வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.